பூஜ்யத்தில் நின்றவர்

குழந்தைவேல்தான் கொலையைச் செய்தான் என்பதில் கோயம்புத்தூருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவனுக்காக வாதாட ஒருவரும் முன்வரவில்லை. சட்ட உதவி மையத்தின் பட்டியலில் அடுத்த பெயர் என்பதற்காக வழக்கு தமயந்தியின் தலையில் வந்து விழுந்தது.

இறந்தவர் நிரஞ்சனா, குழந்தைகள் மருத்துவர். வாரத்தில் இரண்டு நாள் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தன் வீட்டுக் கூடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். அன்று பிற்பகல் அந்த வீட்டுக்கு வந்துபோன வெளியாள் ஒருவன்தான். தண்ணீர் ஃபில்டர் பழுது பார்க்க வந்த குழந்தைவேல். அவன் கைரேகை வீட்டில் இருந்தது. வேலை செய்தவனின் ரேகை இருக்கத்தானே செய்யும். அதனால் அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது எதிர்வீட்டுச் சௌந்தரராஜனை. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாலரை மணிக்குக் குழந்தைவேல் அந்த வாசலிலிருந்து வெளியே வந்ததையும், ஈரத் தலையைச் சிவப்புச் சீப்பால் வாரிக்கொண்டே தெருவில் நடந்ததையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

அந்தச் சீப்புதான் ஊரை உலுக்கியது. கொன்றுவிட்டு முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு போகிறவன் மனிதனா என்று டீக்கடையில் கேட்டார்கள், பேருந்தில் கேட்டார்கள். தொலைக்காட்சியில் தினமும் மாலை ஆறு மணிக்கு வரும் 'சாட்சிக் கூண்டு' நிகழ்ச்சியில் தொடர்ந்து நாற்பது நாளும் அதே சீப்பு.

தமயந்திக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடமாகக் குற்ற வழக்குகளையே நடத்துகிறவள். கட்சிக்காரன் சொல்வதை அப்படியே நம்புவதும் இல்லை, அதற்காக அவனைக் கைவிடுவதும் இல்லை. சிறையில் குழந்தைவேலைப் பார்த்தபோது அவள் முதலில் கேட்டது நேரத்தைப் பற்றித்தான்.

"மூணே காலுக்கு வேலை முடிஞ்சு வெளிய வந்துட்டேனுங்க மேடம்," என்றான். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள். "வெய்யில் தாங்கலீங்க. தெருமுனையில ஒரு புங்க மரம் இருக்குதுங்க. வண்டிய நிழல்ல போட்டுட்டு அதுமேலயே சாஞ்சு தூங்கிட்டேன். எந்திரிச்சப்ப நாலரை."

"யாராவது பாத்தாங்களா?"

"தூங்குறவனை யாருங்க பாப்பாங்க."

"சரி, தலை சீவுனீங்களா?"

குழந்தைவேல் மேசையைப் பார்த்தான்.

"சீவுனேனுங்க."

"சீப்பு என்ன கலர்?"

"செவப்புங்க."

தமயந்தி குறிப்பேட்டை மூடினாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது, இவன்தான் செய்திருக்கிறான் என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. ஆனாலும் வழக்கு வழக்குதான். இந்த ஊரில் இவனுக்கு நியாயமான விசாரணை நடக்காது, வேறு மாவட்டத்துக்கு மாற்றுங்கள் என்று மனுப் போடலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்காகத்தான் அவள் ஊர்மனம் நிறுவனத்துக்குப் போனாள்.

கோயம்புத்தூரில் நாற்பதாயிரம் பேர் தங்கள் 'நிழலை' அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பதிலுக்கு நகரப் பேருந்தில் எங்கு வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம். கைக்கடிகாரமும் கைப்பேசியும் ஒருவரின் நாடித்துடிப்பையும், கண் எதில் தங்குகிறது, எந்தப் பேச்சில் மூச்சு மாறுகிறது என்பதையும் வாரா வாரம் அனுப்பும். அதிலிருந்து அந்த ஆளைப் போலவே எண்ணுகிற ஒரு நகல் கணினிக்குள் வளரும். அரசியல் கட்சிகளும் சோப்புக் கம்பெனிகளும் அந்த நகல்களிடம் கேள்வி கேட்டு ஊரின் மனதைத் தெரிந்துகொண்டன. இரண்டு வருடமாக நீதிமன்றமும் வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்கும் மனுக்களுக்கு அந்த அளவீட்டை ஏற்றுக்கொண்டிருந்தது.

அங்கே பொறியாளனாக இருந்தவன் ஷாநவாஸ். நகத்தைக் கடித்துக்கொண்டே பேசுகிற இளைஞன்.

"நிழல் பேசாது மேடம். பேச விட்டா அது ஆளாயிடும்னு சட்டத்துல தடுத்துட்டாங்க. கேட்டதுக்கு ஒரு நம்பர் குடுக்கும். பூஜ்யத்துல இருந்து நூறு வரைக்கும். கூடவே கோபமா, பயமா, என்ன உணர்ச்சின்னு காட்டும்."

"ஆள் யாருன்னு தெரியுமா?"

"எனக்கே தெரியாது. தெரிஞ்சுக்கப் பாத்தா உள்ள போக வேண்டியதுதான்."

குழந்தைவேல் குற்றவாளி என்று எவ்வளவு நம்புகிறார்கள் என்று கேட்டார்கள். சராசரி தொண்ணூற்று நான்கு வந்தது. மனுவுக்கு அதுவே தாராளம். தமயந்தி எழுந்திருக்கலாம். ஆனால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம், எந்த வரிசையிலும் கடைசியில் நிற்பது யார் என்று பார்க்காமல் விடமாட்டாள்.

"ரொம்பக் கம்மியா நம்புறது யாரு?"

ஷாநவாஸ் பட்டியலைத் தலைகீழாக்கினான். "பதினொண்ணு, ஒம்பது, எட்டு. இவங்கல்லாம் நியூஸே பாக்காதவங்க மேடம். இங்க ஒண்ணு பூஜ்யம் இருக்கு. பழுதான நிழலா இருக்கும்."

"பழுதான்னு பாத்துருவோமே."

வேறு ஒரு கொள்ளை வழக்கைக் கேட்டார்கள். அந்த நிழல் எல்லோரையும் போல எழுபது காட்டியது. பழுது இல்லை. மறுபடி குழந்தைவேல் வழக்குக்கு வந்தார்கள். சௌந்தரராஜனின் வாக்குமூலத்தை ஊட்டினார்கள், பூஜ்யம். கைரேகை அறிக்கையை ஊட்டினார்கள், பூஜ்யம். குழந்தைவேலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு கற்பனைச் செய்தியைக் கொடுத்தார்கள். ஊர் தொண்ணூற்றொன்பதுக்குப் போனது. அந்த நிழல் அசையவில்லை.

ஷாநவாஸ் நகம் கடிப்பதை நிறுத்தியிருந்தான். "இது செய்தி பாக்காத ஆள் இல்ல மேடம். மத்தவங்களவிட அதிகமாப் பாக்குது. ஆனா நம்பல."

"ஒவ்வொரு விஷயமாப் பிரிச்சுக் குடுங்க. எதுல அதோட உணர்ச்சி மாறுதுன்னு பாக்கலாம்."

பிற்பகல் முழுக்க அதைச் செய்தார்கள். வீடு, கூடம், ஃபில்டர், கைரேகை. எதிலும் ஒன்றும் இல்லை. சிவப்புச் சீப்பு என்றதும் திரையில் ஒரு கோடு எகிறியது.

"பயமா?" என்றாள் தமயந்தி.

"இல்ல மேடம். வெட்கம். தப்புப் பண்ணிட்டு மாட்டிக்கிட்டா வருமே, அந்த மாதிரி."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீப்பை நினைத்துக் கூசுகிற, குழந்தைவேல் செய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஓர் ஆள். அந்த ஆளே கொலைகாரனாக இருந்தால்? அப்படியென்றால் குழந்தைவேல் ஏன் சீப்பு இருந்தது என்கிறான்?

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. பெயரைக் கேட்க முடியாது. ஆனால் அந்த ஆளைத் தானாக வரவழைக்கலாமே என்று தோன்றியது. ஊரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எந்த வாக்கியம் அவரை இழுத்துவரும் என்று நிழலிடமே கேட்டுவிடலாம். இது சரியா என்ற கேள்வியும் வந்தது. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தாள். அப்படித் தள்ளிவைத்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஷாநவாஸ் முதலில் மறுத்தான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். "எனக்கும் மண்டை குடையுது மேடம். வாங்க."

"உண்மையை மறைப்பது குற்றம்" என்ற வாக்கியத்துக்கு அந்த நிழல் வந்து பார்க்கும் வாய்ப்பு மூன்று. "ஓர் அப்பாவியைக் காப்பாற்றுங்கள்" என்பதற்குப் பன்னிரண்டு. "உங்கள் பெயர் வெளியே வராது" என்பதற்கு ஒன்பது. குழந்தைவேலின் மகளைப் பற்றிச் சொன்னதற்கு இருபது. பதினோராவதாக, வேறு ஒன்றும் தோன்றாமல், தமயந்தி சொன்னாள்: "சீப்பு தன்னிடம் இருந்ததாகக் குழந்தைவேலும் சொல்கிறார்."

எண்பத்தெட்டு.

அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கட்சிக்காரன் தன்னிடம் மட்டும் சொன்னது அது. அதை வெளியே சொன்னால் அவன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டுவது போல. மறுநாள் காலையில் சிறைக்குப் போய் ஒளிக்காமல் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

"உங்களை நம்புற ஒரு ஆள் இந்த ஊர்ல இருக்காரு, குழந்தைவேல். நாப்பதாயிரத்துல ஒருத்தர். அவரை வரவைக்க இதைச் சொல்லியாகணும். அவர் வரலைன்னா இருக்கிற கொஞ்ச வழியும் அடைஞ்சுபோகும். வேண்டாம்னா விட்டுடலாம்."

குழந்தைவேல் வெகுநேரம் கையைப் பிசைந்தான்.

"எங்கூட்டுலயே இப்பச் சந்தேகப்படுறாங்க மேடம். இங்க என்னையப் பாக்க வந்தா சம்சாரம் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டீங்குது." கொஞ்சம் நிறுத்தினான். "ஒருத்தரு இருக்காருன்னா, சொல்லிருங்க."

அதுவரை ஒரு கேமராவின் முன்னும் நிற்காத தமயந்தி அன்று நீதிமன்ற வாசலில் நின்று அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். அன்று மாலையே ஊர் கொதித்தது. தன் கட்சிக்காரனைத் தானே காட்டிக்கொடுத்த வக்கீல் என்று சிரித்தார்கள். குழந்தைவேலின் மனைவி தொலைபேசியில், "உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டுமுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் ஒருவன் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். கசங்கிய சட்டை, தோளில் பை.

"என் பேரு பூவேந்தன் மேடம். 'சாட்சிக் கூண்டு' நிகழ்ச்சிக்கு எழுதுறவன்."

பேட்டி கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"அவர் நெஜமாவே சொன்னாரா? சீப்பு இருந்துச்சுன்னு?"

அவன் குரலில் இருந்த நடுக்கம் அவளை நிறுத்தியது. "ஏன்?"

"அந்தச் சீப்பு நான் எழுதுனது மேடம்."

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. கொலை நடந்த மூன்றாம் நாள், நிகழ்ச்சியில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. 'சூடா ஒண்ணு சேரு' என்று தயாரிப்பாளர் செய்தி அனுப்பினார். அவன் யோசித்துப் பார்த்தான். கொன்றவன் ஓடினான் என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. தலை சீவிக்கொண்டு நடந்தான் என்றால் நிற்கும். வெறும் சீப்பு போதாது, நிறம் வேண்டும்.

"'அக்கம்பக்கத்தினர் கூறுகின்றனர்'னு போட்டேன். யாரும் கூறல. சௌந்தரராஜன் சார் முதல் நாள் போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல, ஒரு ஆள் போனதைப் பாத்தேன், முகம் சரியாத் தெரியலைன்னுதான் இருக்கு. அஞ்சாம் நாள் ரெண்டாவது வாக்குமூலத்துலதான் சீப்பு வருது. அவர் பொய் சொல்லல மேடம். எங்க நிகழ்ச்சியைப் பாத்தாரு. அப்புறம் தெருவுல பாத்ததா அவருக்கு ஞாபகம் வந்துருச்சு."

"அப்ப குழந்தைவேல்?"

"அதைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கம் போச்சு. ஜெயில்ல டி.வி. உண்டா மேடம்?"

உண்டு. தினமும் ஆறு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பதாகக் குழந்தைவேலே சொல்லியிருக்கிறான். சொந்தக் கதையை நாற்பது நாள் அடுத்தவர் வாயால் கேட்டவன்.

தமயந்தி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, மறைக்கக் கூடாது என்று, எதிரே இருந்தவனை எப்படி வரவழைத்தாள் என்பதையும் சொன்னாள். பூவேந்தனின் முகம் மாறியது.

"பஸ் பாஸுக்காகக் குடுத்தேன் அதை. என்னை வச்சே எனக்குத் தூண்டில் போட்டிருக்கீங்க."

"ஆமா. தப்புதான்."

"நான் எழுதுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் மேடம்?"

அவள் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசையில் வைத்தான். மூன்றாம் நாள் எழுதிய வரைவு நேரத்தோடு அப்படியே இருந்தது. தயாரிப்பாளரின் செய்தியும் இருந்தது.

சாட்சி சொன்ன அன்று நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. பூவேந்தன் கூண்டில் ஏறி, தான் எழுதியதைத் தானே ஒருமுறை வாசித்துக் காட்டினான். நிழலை வைத்துத் தன்னை வரவழைத்ததையும் மறைக்காமல் சொன்னான். அடுத்து சௌந்தரராஜனைத் தமயந்தி குறுக்கு விசாரணை செய்தாள். அதட்டவில்லை. முதல் வாக்குமூலத்தையும் இரண்டாவதையும் அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"எனக்கு இப்பவும் அந்தச் சீப்பு கண்ணுல தெரியுதும்மா," என்றார் மெதுவாக. "ஆனா எங்க பாத்தேன்னு கேட்டா, சொல்லத் தெரியலை."

சந்தேகத்தின் பலனை அளித்து நீதிபதி குழந்தைவேலை விடுதலை செய்தார். காவல்துறை வழக்கை முதலிலிருந்து விசாரிக்க வேண்டும் என்றார். ஒருவரின் நிழலைக் கொண்டு அவரையே வசப்படுத்துவதை இந்த மன்றம் ஏற்காது என்று தமயந்தியைப் பற்றியும் தீர்ப்பில் ஒரு பத்தி எழுதினார். அவள் மூன்று மாதம் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராகக் கூடாது என்று ஒழுங்கு நடவடிக்கை வந்தது. ஷாநவாஸுக்கும் பூவேந்தனுக்கும் வேலை போயிற்று.

தடை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் குழந்தைவேல் அவளைத் தேடி வந்தான். முன்பைவிட இளைத்திருந்தான்.

"அந்த ஒருத்தரை நேர்ல பாத்துக் கும்புடோணுமுங்க மேடம்."

அவள் பூவேந்தனை வரச்சொன்னாள். அவன் வந்ததும் குழந்தைவேல் எழுந்து கைகூப்பினான். பூவேந்தன் அவன் கையைப் பிடித்து இறக்கினான்.

"எனக்கு உங்களைத் தெரியவே தெரியாதுங்க. நான் எழுதுனதை நான் நம்பல, அதனால இந்தக் கேஸ்ல வேற எதையும் நம்பல, அவ்வளவுதான். உங்களை நம்புனேன்னு சொன்னா அது இன்னொரு பொய்."

தமயந்தி தலைகுனிந்துகொண்டாள். நம்புகிற ஓர் ஆள் இருக்கிறார் என்று சிறையில் வைத்துச் சொன்னவள் அவள்தான். குழந்தைவேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"கோர்ட்டு விட்டிருச்சுங்க. ஊரு உடலீங்களே. சந்தேகத்துல தப்பிச்சவன்னு பேரு. ஒருத்தரும் ஃபில்டர் வேலைக்குக் கூப்புட மாட்டீங்கறாங்க. பொண்ணு எட்டாவது படிக்குதுங்க. அது பெஞ்சுல பக்கத்துல யாரும் உக்கார்றதில்லையாமா." பூவேந்தனைப் பார்த்தான். "நீங்க எழுதுனா ஊரே நம்புதுங்க. எனக்கொண்ணு எழுதிக் குடுங்க."

"என்ன எழுதறது?"

"நான் அந்த மரத்தடியில தூங்குனேன்னு சொன்னா எவனும் நம்பறதில்லீங்க. நெசமே அதுதான். நம்புற மாதிரி வேற ஒண்ணு. சின்னதா இருந்தாப் போதுமுங்க."

"நான் அதையெல்லாம் விட்டுட்டேங்க," என்றான் பூவேந்தன்.

குழந்தைவேல் கெஞ்சவில்லை. எழுந்தும் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தமயந்தி இதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பூவேந்தன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கும் ஆசை அதற்குள் அவளை முந்திக்கொண்டது.

பூவேந்தன் நெற்றியைத் தேய்த்தான். "அந்தத் தெருவுல மாடி வீடு இருக்கா?"

"இருக்குதுங்க. ஒண்ணு பூட்டியே கெடக்கும்."

"அந்த மாடியில ஒரு பூனை. தண்ணித் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்துது. வேலை முடிஞ்சு வந்த நீங்க சத்தம் கேட்டு, பைப்பைப் பிடிச்சு மேல ஏறுறீங்க. ஒரு மணி நேரம் ஆகுது. இறக்கி விட்டதும் அது உங்க கையைப் பிறாண்டிட்டு ஓடிருது. ஊரே திட்டுறப்பவும் இதைச் சொல்லிக்க நீங்க கூச்சப்பட்டீங்க." சொல்லி முடித்ததும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குழந்தைவேல் தன் வலது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் மூவரும் சந்திக்கவில்லை. தமயந்தி மறுபடி நீதிமன்றம் போக ஆரம்பித்தாள். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமாகக் காய் வாங்கும் ரேவதியிடம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தராசில் போட்டுக்கொண்டே ரேவதி பேசினாள்.

"எங்கூட்டு ஃபில்டரு நேத்து அந்தக் கொழந்தவேலுதானுங்க வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போனாரு. நீங்கதான அவருக்கு வக்கீலு? பாவம், நல்ல மனுசனைப் போட்டுப் படுத்தி எடுத்துட்டாங்க. பூனையக் காப்பாத்தப் போயி இத்தன பாடு."

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க. கையில அது பிறாண்டுன தழும்பு கூட இருக்குதுங்களே, நானே பாத்தேன்." அவள் காயைப் பையில் கொட்டினாள். "அது என்ன பூனைங்க மேடம், வெள்ளையா, கறுப்பா?"

இல்லை, அப்படி ஒரு பூனையே கிடையாது என்று சொல்லத்தான் தமயந்தி நிமிர்ந்தாள். ரேவதி ஆவலோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் நிறம்," என்றாள் தமயந்தி. "கழுத்துல மட்டும் வெள்ளை."